காற்று வீசுவது 36 கி.மீ., கருவி காட்டுவது 108 கி.மீ.! டிஜிட்டல் சிக்னலில் புகும் ‘கிளிட்ச்’சை வடிகட்டுவது எப்படி?

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தோவாளை பூச்சந்தையைத் தாண்டி ஆரல்வாய்மொழி வந்ததுமே காற்றின் குணம் மாறிவிடும். ‘ஜன்னலைச் சாத்துங்க’ என்று யாராவது ஒருவர் சொல்லுவார். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் உள்ள இந்தக் கணவாய்க்குள் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. முப்பந்தல், காவல்கிணறு வரை சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். மே முதல் செப்டம்பர் வரை இங்கே சீசன்.

இந்தக் காற்றாலைகளின் உச்சியில், இறக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியின் முதுகில், ஒரு சின்னக் கருவி இருக்கும். கீழிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் அது. காற்றாலையை எப்போது ஓட விடுவது, எப்போது நிறுத்துவது என்று கண்ட்ரோலர் முடிவெடுப்பதில் இந்தக் கருவி தரும் எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலான காற்றாலைகளில் காற்று விநாடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால், அதாவது மணிக்கு 90 கி.மீ., பாதுகாப்புக்காக இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

சரி, அந்தச் சின்னக் கருவி தப்பான எண்ணைச் சொன்னால்?

ஒரு ‘கிளிக்’ மூன்றாகும் கதை

சுற்றும் கிண்ணங்களை வைத்துக் காற்றை அளக்கும் முறையை 1846-ல் அயர்லாந்தின் அர்மா வானியல் ஆய்வகத்தில் இருந்த தாமஸ் ராம்னி ராபின்சன் உருவாக்கினார். அடிப்படை இன்றும் அதேதான். இப்போது அல்ட்ராசோனிக் கருவிகளும் வந்துவிட்டன என்றாலும், கிண்ண வகை இன்னும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதன் எளிய வடிவத்தில், கிண்ணங்களோடு சேர்ந்து ஒரு காந்தம் சுற்றும். அது ‘ரீட் சுவிட்ச்’ என்கிற கண்ணாடிக் குழாய் சுவிட்ச்சைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியும். ஒட்டினால் 1, பிரிந்தால் 0. ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஒட்டுகிறது என்று எண்ணினால் காற்றின் வேகம் கிடைத்துவிடும்.

வீட்டு மாடியில் வைக்கும் சிறிய வானிலைக் கருவிகளில் பரவலாக விற்கும் ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். அதில் விநாடிக்கு ஒரு ‘கிளிக்’ என்றால் மணிக்கு 2.4 கி.மீ. காற்று. விநாடிக்கு 15 கிளிக் வந்தால் 36 கி.மீ. கணக்கு சுலபம்தான்.

ஆனால் உலோகத் தகடு ஒட்டுவது அவ்வளவு நாகரிகமாக நடப்பதில்லை. தரையில் போட்ட கோலிக்குண்டு ஒரேயடியாக நின்றுவிடாமல் ரெண்டு மூணு தடவை துள்ளுவது போல, தகடுகளும் மோதி, விலகி, மறுபடி மோதி, அப்புறம்தான் நிலைக்கும். எல்லாம் ஒரு மில்லி விநாடிக்குள், அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், முடிந்துவிடும். மனிதக் காதுக்கு அது ஒரே ‘கிளிக்’. விநாடிக்குப் பத்து லட்சம் முறை எட்டிப் பார்க்கும் சிப்புக்கு அது மூன்று கிளிக். 15 என்பது 45 ஆகிறது. 36 கி.மீ. காற்று 108 கி.மீ. புயலாகிவிடுகிறது. 90-ல் நிறுத்தச் சொல்லி வைத்திருக்கும் கண்ட்ரோலர், நல்ல காற்று இருக்கும் நேரத்தில் ஓடுகிற இயந்திரத்தை நிறுத்திவிடலாம்.

இப்படி இருக்கக்கூடாத நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு மறையும் பொய்த் துடிப்புக்குத்தான் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் ‘கிளிட்ச்’ என்று பெயர். தகடு துள்ளுவது ஒரு காரணம் மட்டுமே. உயரமான கோபுரத்தின் வழியாக சிக்னல் கேபிளும் மின்சாரக் கேபிளும் பக்கத்துப் பக்கத்தில் இறங்கும்போது, ஒன்றின் சத்தம் இன்னொன்றில் ஏறும். அருகில் மின்னல் வெட்டினாலும் ஏறும். இணைப்புகள் தேய்ந்து தளர்ந்த பழைய கருவி என்றால் சொல்லவே வேண்டாம்.

10% பிழை, 33% நஷ்டம்

‘கொஞ்சம் கூடக்குறைய இருந்தா என்ன?’ என்று விட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. காற்றில் இருக்கும் ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. எனவே வேகத்தை 10% கூடுதலாகக் கணித்துவிட்டால், ஆற்றலை 33% கூடுதலாகக் கணித்துவிடுவோம். காற்றாலை வைக்கலாமா என்று ஓர் இடத்தில் கம்பம் நட்டு அளக்கும் கட்டத்திலேயே இந்தப் பிழை நுழைந்தால், வங்கிக் கடன், வருமானக் கணக்கு எல்லாமே அந்தத் தப்பான எண்ணின் மேல்தான் நிற்கும்.

இந்தியாவில் காற்றை ஒழுங்காக அளக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் வானிலை விஞ்ஞானி அன்னா மணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். அன்றைக்கு பீர்மேடும் நாஞ்சில் நாடும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். வானிலைக் கருவிகளை வெளிநாட்டில் இருந்து வாங்கிக்கொண்டிருந்த நாட்டில், அவற்றை இங்கேயே தரமாகச் செய்ய வைத்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1983-ல் டி.ஏ.மூலியுடன் சேர்ந்து இந்தியாவின் காற்றாற்றல் தரவுகளைத் தொகுத்து வெளியிட்டார். காற்றாலைகள் தமிழ்நாட்டில் கால் ஊன்றியது அதற்குப் பிறகுதான். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில். ஆரல்வாய்மொழியின் காற்று ஊர்க்காரர்களுக்கு எப்போதுமே தெரியும். அதை வங்கி நம்பும் எண்ணாக மாற்ற கருவி தேவைப்பட்டது.

சராசரி எடுத்தால் போதாதா?

போதாது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

காற்றாலை கண்ட்ரோலர்கள் ஒரே ஒரு அளவீட்டை நம்பி முடிவெடுப்பதில்லை. சில விநாடிகள் முதல் 10 நிமிடம் வரையிலான சராசரிகளைப் பார்க்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகடு ஒவ்வொரு முறையும் துள்ளுகிறது என்றால், ஒவ்வொரு எண்ணும் மூன்று மடங்குதான். மூன்று மடங்கான எண்களின் சராசரியும் மூன்று மடங்காகத்தானே இருக்கும்?

எப்போதாவது ஒருமுறை வரும் கிளிட்ச்சுக்கும் சராசரி சரியான மருந்தல்ல. விநாடிக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கில் ஐந்து அளவீடுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 10, 11, 10, 60, 9. அந்த 60 தெளிவான பொய். சராசரி போட்டால் 20 வருகிறது. பொய் அழியவில்லை, அக்கம்பக்கத்து உண்மைகளின் மேல் பூசப்பட்டுவிட்டது. அதே ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 10. இதை இடைநிலை என்று பள்ளியில் படித்திருப்போம். ஒற்றைப் பொய்யை முழுசாகத் தள்ள அதுதான் உதவும்.

துள்ளலை மட்டும் அது வருகிற வாசலிலேயே பிடிக்க வேண்டும்.

‘கொஞ்சம் பொறு’ என்பதே ஃபில்டர்

வாசலில் பிடிக்கும் பழைய வழி, ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 நானோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டால் ஒரு மில்லி விநாடி அளவுக்கு சிக்னல் மந்தமாகும். நாகர்கோவிலில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான். வேகமாக வந்து போகும் கிளிட்ச் அதில் அமுங்கிவிடும். ஆனால் சிக்னலின் விளிம்பும் சேர்ந்து சாய்வாகிவிடும். 0-வா 1-ஆ என்று சொல்ல முடியாத நடுப்பகுதியில் அது மெதுவாக ஏறும்போது, சின்னச் சத்தம் பட்டாலே சிப் 0, 1, 0, 1 என்று தடுமாறும்.

அதற்கு மருந்து ‘ஷ்மிட் டிரிக்கர்’. 1 என்று ஒப்புக்கொள்ள ஓர் உயர்ந்த எல்லை, மறுபடி 0 என்று ஒப்புக்கொள்ள அதைவிடத் தாழ்ந்த இன்னொரு எல்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன ஆட்டம் ஆடினாலும் பழைய பதிலே தொடரும். ஃபிரிட்ஜ் ஒரு குளிர்ச்சியில் நின்று, இன்னொரு குளிர்ச்சியில் ஓடத் தொடங்குவதும் இதே கணக்கில்தான். அமெரிக்காவின் ஓட்டோ ஷ்மிட் 1934-ல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, கணவாய் மீனின் நரம்பில் சிக்னல் போகும் விதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது உருவாக்கியது இது. கடற்கரை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தத் தகவல் பிடிக்கும்.

டிஜிட்டல் வழி இன்னும் நேரடியானது. சிக்னலை அரை மில்லி விநாடிக்கு ஒருமுறை பார். தொடர்ந்து நான்கு முறை ஒரே பதில் வந்தால் மட்டும் நம்பு. நடுவில் மாறினால் முதலிலிருந்து எண்ணு. அவ்வளவுதான். 1.5 மில்லி விநாடிக்குக் குறைவாக நிற்கும் எந்தத் துடிப்பும் உள்ளே வராது.

எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கைவிரலால் அழுத்தும் பட்டன்களுக்கு 20 மில்லி விநாடி காத்திருக்கச் சொல்வது வழக்கம். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் அதுதான் இருக்கும். கல்லூரி புராஜெக்ட் செய்யும் ஒருவர் அதை அப்படியே எடுத்து அனிமோமீட்டரில் போட்டால் என்ன நடக்கும்? 24 கி.மீ. காற்றில் பிரச்சினையே தெரியாது. 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 25 கிளிக். ஒரு சுற்றுக்கு 40 மில்லி விநாடி. சுவிட்ச் பாதி நேரம் மூடி, பாதி நேரம் திறந்திருக்கிறது என்றால் ஒவ்வொரு நிலையும் சரியாக 20 மில்லி விநாடிதான். காற்று அதையும் தாண்டினால் எந்த நிலையும் 20 மில்லி விநாடி நிற்காது. ஃபில்டர் எதையும் நம்பாது. திரையில் காற்றின் வேகம்: 0.

புயல் நேரத்தில் காற்றே இல்லை என்று சொல்லும் கருவி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கடந்ததைப் பார்த்த மாவட்டத்தில், இது வெறும் பாடப்புத்தகக் கணக்காகத் தோன்றாது. பொய்த் துடிப்பை உள்ளே விடும் ஃபில்டரைவிட, உண்மையான துடிப்பைச் சத்தமில்லாமல் விழுங்கும் ஃபில்டர்தான் ஆபத்தானது. முதலாவதில் எண் எகிறும், யாராவது கவனிப்பார்கள். இரண்டாவதில் எல்லாம் அமைதியாக இருக்கும்.

2,000 எதற்கு, 11 போதுமே

இனி சிக்கனக் கணக்கு. சிப்புக்குள் ஒரு 0 அல்லது 1-ஐ நினைவில் வைக்கும் சின்ன அறைக்குப் பெயர் ‘ஃபிளிப்-ஃபிளாப்’. ஒவ்வொன்றும் சிப்பில் இடம் பிடிக்கும். கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். மலையடிவாரத்தில் தனியாக நிற்கும் அளவீட்டுக் கம்பம் ஒரு சின்ன சோலார் தகட்டையும் பேட்டரியையும் நம்பி ஓடுகிறது. அங்கே இந்தக் ‘கொஞ்சம்’ முக்கியம்.

சிப்பின் கடிகாரம் விநாடிக்குப் பத்து லட்சம் முறை துடிக்கிறது என்று கொள்வோம். 2 மில்லி விநாடி பொறுக்க வேண்டுமென்றால் 2,000 முறை பார்க்க வேண்டும். வந்த பதில்களை எல்லாம் வரிசையாக நிறுத்திவைத்து ஒப்பிடும் ‘ஷிஃப்ட் ரெஜிஸ்டர்’ முறையில் இதற்கு 2,000 ஃபிளிப்-ஃபிளாப் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பதிலையும் ஞாபகம் வைக்க வேண்டிய அவசியம் என்ன? தொடர்ந்து எத்தனை முறை ஒரே பதில் வந்தது என்ற எண்ணிக்கை மட்டும் போதுமே. 2,048 வரை எண்ண ஒரு கவுண்டருக்கு 11 ஃபிளிப்-ஃபிளாப் போதும்.

32 சென்சார்கள் இருந்தால்? ஒவ்வொன்றுக்கும் 11 வீதம் 352. இதையும் குறைக்கலாம். கடிகாரத்தை 500-ஆல் வகுத்து அரை மில்லி விநாடிக்கு ஒரு மணி அடிக்க 9 ஃபிளிப்-ஃபிளாப் ஆகும். அந்த மணியை 32 பேரும் பகிர்ந்துகொள்ளட்டும். அப்புறம் ஒவ்வொரு சென்சாரும் நான்கு வரை எண்ணினால் போதும், தலைக்கு 2. மொத்தம் 9 + 64 = 73. எண்ணும் வேலைக்கு மட்டும் 64,000-ல் தொடங்கி 73-ல் வந்து நிற்கிறது கணக்கு. ஊர்க்கோயில் மணி ஒன்று அடித்தால் தெருவுக்கே நேரம் தெரிந்த காலத்துச் சிக்கனம் இது.

தனி சர்க்கியூட் போடாமல் சின்ன பிராசஸரிலேயே செய்பவர்களுக்கும் ஓர் அழகான தந்திரம் உண்டு. 32 கவுண்டர்களையும் 32 வரிசைகளாக எழுதாமல், நெடுவாக்கில் நிறுத்துவது. எல்லாக் கவுண்டர்களின் முதல் இலக்கமும் ஒரே 32-பிட் சொல்லில், இரண்டாம் இலக்கம் இன்னொரு சொல்லில். சில தர்க்கக் கட்டளைகளிலேயே 32 சென்சார்களும் ஒரே மூச்சில் வடிகட்டப்பட்டுவிடும். ‘செங்குத்துக் கவுண்டர்’ என்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பிடிக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் சிக்னல் சிப்பின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு வருவதில்லை. சரியாகச் சிப் பார்க்கும் அதே கணத்தில் மாறினால், ஃபிளிப்-ஃபிளாப் 0-விலும் இல்லாமல் 1-லும் இல்லாமல் நடுவில் தொங்கலாம். இப்படி நடக்கும் என்பதை 1973-ல் அமெரிக்காவின் தாமஸ் செனியும் சார்லஸ் மோல்னாரும் அளந்தே காட்டினார்கள். அதனால்தான் ஃபில்டருக்கு முன்னால் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்களை அடுத்தடுத்து வைப்பது வழக்கம். முதலாவது தொங்கினாலும் இரண்டாவது பார்ப்பதற்குள் அநேகமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கிளிட்ச்சே வராமல் செய்யலாமா?

சில இடங்களில் முடியும். காற்றாலை, காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்ப வேண்டும். திசைகளை 16-ஆகப் பிரித்து, வடக்கை 0 என்று வைத்து வலஞ்சுழியாக எண்ணினால் தென்தென்கிழக்கு 7, தெற்கு 8. இரும எண்ணில் 7 என்பது 0111, 8 என்பது 1000. காற்று லேசாகத் திரும்பினாலே நான்கு இலக்கமும் மாற வேண்டும். நிஜத்தில் நான்கும் ஒரே நொடியில் மாறாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். நடுவில் ஒரு கணம் 0000 என்று படித்துவிட்டால், அது வடக்கு! தெற்கே திரும்பும் காற்றை நேர் எதிராகக் காட்டிவிடுகிறது கருவி.

பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே இதற்கு ஃபில்டர் போடவில்லை, எண்களின் வரிசையையே மாற்றினார். பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையே ஒரே ஒரு இலக்கம்தான் மாறும்படி அடுக்கினார். அந்த ஓர் இலக்கம் முந்தினாலும் பிந்தினாலும் பழைய திசை அல்லது புதிய திசைதான் வரும். மூன்றாவது ஒன்று வர வழியில்லை. 1947-ல் விண்ணப்பித்து 1953-ல் காப்புரிமை பெற்ற அந்த முறை ‘கிரே கோடு’. கோணத்தை அளக்கும் என்கோடர்களில் இன்றும் இதுதான் பரவலாக இருக்கிறது.

ஃபில்டரை ஏமாற்றிய 1.2 விநாடி

ஃபில்டர் இருந்தும் தப்பு நடந்த ஒரு சம்பவம், இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படிப்பது. 2008 அக்டோபர் 7. சிங்கப்பூரில் இருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது குவாண்டாஸ் 72 விமானம். ஏர்பஸ் ஏ330 ரகம். 37,000 அடி உயரத்தில் நிதானமாகப் பறந்துகொண்டிருந்த விமானம், விமானி எதுவும் செய்யாமலேயே திடீரென மூக்கைக் கீழே குத்தியது. இருக்கைப் பட்டை போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். சற்று நேரத்தில் மறுபடியும் ஒருமுறை. 303 பயணிகளும் 12 ஊழியர்களும் இருந்த விமானத்தில் 110-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். லியர்மந்த் விமான நிலையத்தில் அவசரமாகத் தரையிறங்கியது.

விமானத்தின் மூன்று தரவுக் கணினிகளில் ஒன்று, காற்று இறக்கையில் மோதும் கோணத்துக்கு நடுநடுவே பொய்யான எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது. சுமார் 2 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 50 டிகிரி. இதற்கு ஃபில்டர் இல்லாமலா? இருந்தது. எண் திடீரென எகிறினால் அதை ஒதுக்கிவிட்டு, எகிறுவதற்கு முன்பிருந்த நல்ல எண்ணை 1.2 விநாடிக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரும்பாலான பொய்கள் அப்படியே ஒதுக்கவும் பட்டன. ஆனால் ஒரு பொய் வந்து, 1.2 விநாடி கழித்து, பிடித்து வைத்த காலம் முடியும் அந்த நேரத்திலேயே இன்னொரு பொய் வந்தால், இரண்டாவது நேராக உள்ளே போய்விடும். அதுதான் நடந்தது. மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று நம்பிய கணினி, அதைக் கீழே இறக்கியது.

2011 டிசம்பரில் ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு தந்த இறுதி அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. இந்த ரக விமானங்கள் 2.8 கோடி மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்ததில் இந்த வடிவமைப்புக் குறை இப்படி வெளிப்பட்டது அந்த ஒருமுறைதான். தரவுக் கணினி ஏன் பொய் சொல்லத் தொடங்கியது என்பதற்குக் கடைசிவரை உறுதியான பதில் கிடைக்கவில்லை. ஃபில்டரின் கணக்கை ஏர்பஸ் மாற்றியமைத்தது.

இனி ஆரல்வாய்மொழியில்?

2024-ல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான கொள்கையை வெளியிட்டது. 20 ஆண்டுகளைத் தாண்டிய சிறிய இயந்திரங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெரிய இயந்திரங்களை நிறுத்த அது வழி செய்கிறது. இருப்பதைச் சரிசெய்து ஆயுளை நீட்டவும் இடம் உண்டு. காற்று நன்றாக வீசும் இடங்களில் முதலில் நின்றவை பழைய, சிறிய இயந்திரங்கள்தான் என்பதால் முப்பந்தல் பகுதிக்கு இது முக்கியமான செய்தி. இயந்திரம் மாறாமல் கண்ட்ரோலர் மட்டும் மாறும் இடங்களில் பழைய கேபிளும் புதிய சிப்பும் சந்திக்கும். பழைய மெதுவான சிப்பின் கண்ணில் படாத துள்ளல்கள், வேகமான புதிய சிப்பின் கண்ணில் படும்.

அந்தச் சந்திப்பைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. துடிப்பு அனுப்பும் ஒரு சிக்னல் ஜெனரேட்டர் போதும். மாவட்டத்தின் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் கருவிதான். ஃபில்டரின் பொறுமை 2 மில்லி விநாடி என்றால் 1.9 மில்லி விநாடித் துடிப்பு ஒன்று, 2.1 ஒன்று, சரியாக 2 ஒன்று. அதன் பிறகு, சரியாக 2 மில்லி விநாடி இடைவெளி விட்டு இரண்டு பொய்கள். கடைசியாக, 200 கி.மீ. காற்றுக்கு இணையாக விநாடிக்கு 83 துடிப்பு. திரையில் அப்போதும் 200-ஐ ஒட்டிய எண் வருகிறதா, பூஜ்யம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோபுரத்தில் ஏற்ற வேண்டும்.